தலைக்கட்டு இல்லாத வீட்டு விண்ணப்பம்

ஊர் சார்பில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வேலைக்குச் சம்பளம் இல்லை, ஓய்வு இல்லை. உதவி கிடைத்தவன், கிடைக்காதவன், கேட்கவே கேட்காதவன் மூவரும் ஒரே மாதிரி திட்டுவார்கள் என்பது மட்டும் நிச்சயம். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தின் படிப்புக் குழுவுக்குப் பதினோரு வருடம் செயலாளராக இருந்தவன் நான். பொதுக்காரியம் என்று நம்பி ஏதோ ஒரு காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அந்தக் காகிதத்தோடு காலம் தள்ள நேர்ந்த வாசகர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் இந்த வரிசையை நான் மாற்றியதில்லை. முதலாவது, அனல் மின் நிலையத்தின் சுடுதண்ணீரை எங்கள் உப்பங்கழியில் விட்டார்கள். இறால் குஞ்சு செத்தது. இரண்டாவது, துறைமுகம் வந்தது. அலை திசை மாறி எங்கள் கரையை அரித்தது. மூன்றாவது, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்தது. தோண்டித் தருகிறோம் என்று நான்கு முறை வந்து அளந்தார்கள், நான்கு முறையும் அளந்ததோடு சரி. நான்காவது, இத்தனைக்கும் பிறகு அதே துறைமுகக் கம்பெனி எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுக்க வந்தது. ஐந்தாவது, அந்த முகத்துவார மணல்திட்டில் படகு, எங்கள் பேச்சில் போட்டு, கவிழ்ந்து என் தோழன் ஏகாம்பரம் செத்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிறகு படித்ததெல்லாம் துண்டறிக்கைகள், எழுதியதும் அவைதான். ஊரில் எனக்கு 'நோட்டீஸ்காரர்' என்று பெயர். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

அட்டைக் காசோலை

கம்பெனி உதவி கொடுத்த முதல் வருடம் பழவேற்காட்டில் பந்தல் போட்டார்கள். பிளஸ் டூ முடித்த எங்கள் பிள்ளைகள் ஐந்து பேரை மேடையில் ஏற்றி, கதவு உயரத்துக்கு ஓர் அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அட்டை காற்றில் சாய்ந்தபோது அதிகாரிகளும் சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கப் போகிறோம் என்று வழவழப்பான புத்தகம் ஒன்று அச்சடித்து வந்தது. அதன் உள்பக்கத்தில் அதே படம். படத்துக்குக் கீழே 'மீனவ மக்களின் மகிழ்ச்சியான ஆதரவோடு' என்று எழுதியிருந்தது. அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். உதவித்தொகையைக் கவனிக்கும் அதிகாரி இளம் வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். எனக்கு டீ வரவழைத்தார். பிள்ளைகளைக் கேட்காமல் இப்படி எழுதலாமா என்று கேட்டேன். அவர் புத்தகத்தை வாங்கி, படத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, ஆதரவு இருக்கா இல்லையான்னு நமக்குள்ள விவாதம் வேண்டாம். பிள்ளைங்க சிரிக்கிறாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

ஒரு நாள் இறால்

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் ஓடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் எந்த நாள் யார் இறங்குவது என்று வருடத்துக்கு ஒரு முறை அம்மன் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்குவோம். சீட்டில் பங்கு உள்ளவன் தலைக்கட்டு. கல்யாணமான ஆணுக்கு ஒரு தலைக்கட்டு. குலுக்குவதற்கு முன் தலைக்கட்டுப் பட்டியலை உரக்க வாசிப்பார்கள். பெயருக்கு உரியவன் எழுந்து "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பெயர் அடிக்கப்படும். செத்தவனுக்கு மகன் இருந்தால் அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அப்பனுடைய இடம் காத்திருக்கும். மகள் மட்டும் என்றால் இடம் போனது போனதுதான்.

அட்டைக் காசோலைக்குப் பிறகு நான் கோயில் முன்னால் ஒரு மணி நேரம் பேசினேன். கம்பெனி காசை நாம் தொடக்கூடாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள், பதிலுக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏகாம்பரம்தான் எழுந்து, "மாசத்துல ஒரு நாளு, ஒரு பாடு, யாருக்கும் வோணாம். அன்னிக்கு வர்ற எறா நம்ம பசங்க படிப்புக்கு" என்றான். இரண்டே வாக்கியம். முதல் மாதம் அவனே வலையை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஒரு நாள் இறாலில் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது.

விதிகளை நான் எழுதினேன். மூன்றாவது விதி: 'தலைக்கட்டு உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்.' வெளியிலிருந்து வந்து வீடு வாங்கியவர்களும், கம்பெனிக்கு ஆள் பிடிப்பவர்களும் உள்ளே நுழையாமல் இருக்க அதைவிட உறுதியான வேலி எனக்குத் தோன்றவில்லை. வாசித்துக் காட்டினேன். ஊர்த்தலைவர், பட்டியலுக்குக் காவலாக இருக்கிற மனிதர், என் முதுகைத் தட்டினார்.

"நீ எத்தினியோ காயிதம் எழுதிகிற. ஊரு ஒரு எழுத்துகூட மாத்தாம ஒத்துக்கினது இத்த மட்டுந்தான்."

ஏன் படிக்க விரும்புகிறாய்?

விண்ணப்பத்தில் இந்தக் கேள்வியை வைத்ததும் நான்தான். துண்டறிக்கைக்குப் பழகிய கை. பிள்ளைகளிடமிருந்து நாலு நெருப்பு வரி வரும் என்று எதிர்பார்த்தேன். முதல் வருடம் வந்த ஏழு விண்ணப்பங்களிலும் 'எங்கள் ஊருக்குச் சேவை செய்ய' என்று ஒரே பதில். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் 'சேவை' என்பதற்குப் பதில் 'தேவை' என்று எழுதியிருந்தான். அவசரத்தில் பார்த்து எழுதியது.

ஏழு பேரையும் வரவழைத்து, பொய் சொல்லாமல் எழுதுங்கள், உண்மையை எழுதினால் யாருக்கும் உதவி நிற்காது என்றேன். கடைசி வரிசையில் இருந்த பெண் ஒருத்தி எழுதி முடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரே வரி. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டு அவளே வாய்விட்டும் சொன்னாள்:

"போட்டு திரும்பி வருதான்னு கரையில நிக்காத வேலை எதுனா வோணும், அவ்ளோதான்."

கேட்டில் தேசப்பன்

எங்கள் பணத்தில் முதலில் படித்து முடித்தவன் தேசப்பன். தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ. அவன் தேறியபோது நான் நோட்டீஸ் அடித்தேன். நான் அடித்ததில் கண்டனம் இல்லாத நோட்டீஸ் அது ஒன்றுதான்.

மறு வருடம் முகத்துவாரத்தைத் தோண்டச் சொல்லித் துறைமுக வாசலில் நூறு பேர் உட்கார்ந்தோம். மஞ்சள் தொப்பி, கழுத்தில் பட்டை, கையில் வாக்கிடாக்கி சகிதம் ஒருவன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். கிட்டே வந்ததும்தான் முகம் தெரிந்தது. ஏகாம்பரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நாம வலை போட்டு புடிச்ச எறாதான், நமக்கே கொம்பு காட்டுது" என்று சொல்லி, நெடுநேரம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தது என்று கேட்டேன். தேசப்பன் கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"வேற எவன் பெரிப்பா எனக்கு வேலை குட்தான்? அந்த வெள்ளக் கோட்டுக்கு அந்தாண்ட உக்காருங்க, வண்டி வருது."

ஐஸ் பேக்டரிக்காரர்

தெற்கே எங்கிருந்தோ வந்து எங்கள் ஊரில் ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர் பாலையா. வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் மகன் இங்கேதான் பிறந்தான், இங்கேதான் பள்ளிக்கூடம் போனான். ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். பையனுக்கு ஊர் உதவி வேண்டும் என்றார். பணத்துக்காக இல்லை, ஊர்ப் பிள்ளை என்று அவன் பெயரும் உதவி பெற்றவர்களின் பலகையில் வரட்டும் என்றார்.

மூன்றாவது விதியைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். இது எங்களுக்குள் காலகாலமாக இருக்கிற முறை, யாருக்காகவும் தளர்த்த முடியாது, தளர்த்தினால் நாளைக்குக் கம்பெனிக்காரனும் வந்து நிற்பான் என்றேன். அவர் இனிப்புப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"நான் வெளியாள், என்னை விடுங்க. ஆனா உங்க ஊர்ல பிறந்தா மட்டும் போதாது, அப்பன் உயிரோட இருக்கணும்னும்ல எழுதி வெச்சிருக்கீங்க? அதையும் பார்த்துக்கோங்க, அண்ணாச்சி."

மூன்று முறை

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஏகாம்பரம் செத்தான். முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். போட்டு மணல்திட்டில் தட்டிப் புரண்டதில் அவன் அடியில் மாட்டிக்கொண்டான். நான் எழுதியதிலேயே பெரிய துண்டறிக்கை அப்போது எழுதியதுதான். அவன் பெயரை மேலே தடித்த எழுத்தில் போட்டு, 'இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு?' என்று கேட்டிருந்தேன். பசியாவரம் முதல் சுண்ணாம்புக்குளம் வரை ஒட்டினோம். அவன் மனைவி தனபாக்கியம் அதை வாங்கிப் பார்த்தாள், மடித்து வைத்துக்கொண்டாள். ஒரே மகள் சுகந்தி அப்போது பத்தாம் வகுப்பு.

அந்த வருடச் சீட்டுக்குப் பட்டியல் வாசிக்கும் வேலை என்னுடையதாக இருந்தது. வாசிக்கத் தெரிந்தவன் என்று எனக்குக் கொடுத்த மரியாதை அது. ஏகாம்பரத்தின் பெயர் வந்தது. வாசித்தேன். யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் முறை முறைதான். இரண்டாவது முறை வாசித்தேன். மூன்றாவது முறையும் வாசித்தேன். மகன் இல்லாத வீடு. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் பார்த்தபடி நின்றேன். ஊர்த்தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அடிச்சிட்டு அடுத்தத வாசி, வெயிலு ஏறுது."

தலைக்கட்டின் பெயர்

சுகந்தி பிளஸ் டூவில் எங்கள் ஊரிலேயே அதிக மதிப்பெண் எடுத்தாள். சென்னையில் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்குக் கடைசி நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். அந்தக் கடிதத்தையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு அவளே வந்தாள். 'தலைக்கட்டின் பெயர்' என்ற இடத்தில் 'தனபாக்கியம்' என்று எழுதியிருந்தாள். முத்து முத்தான கையெழுத்து.

"இதுல ஆம்பளை பேருதாம்மா எழுதணும்" என்றேன்.

"நைனாதான் இல்லியே பெரிப்பா."

"அதுக்கு அம்மா பேரை எழுத முடியாது. பட்டியல்ல இருக்கணும்."

"காலைல எழுந்து கழியில எறங்கி எறா தடவி, வித்து, எனக்கு சோறு போட்றது அவங்கதான. அப்ப தலைக்கட்டு வேற யாரு?"

கையால் தடவி இறால் பிடிப்பது எங்கள் ஊரில் பெண்கள் செய்கிற வேலை. நாள் முழுக்கச் சேற்றில் முட்டி போட வேண்டும். ஆனால் அதற்குப் பாடு கிடையாது, சீட்டு கிடையாது. விதி எதற்காக எழுதப்பட்டது என்று அவளுக்கு விளக்கினேன். பாலையாவைப் பற்றிச் சொன்னேன், வேலியைப் பற்றிச் சொன்னேன். ஊர்க் கூட்டத்தில் பேசி ஏதாவது செய்கிறேன் என்றும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். என் வீட்டுச் சுவரில் அவள் அப்பனின் துண்டறிக்கை இன்னும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"பட்டியல்ல இல்லாத பேர நோட்டீஸ்ல மட்டும் எப்டி அவ்ளோ பெரிசா போட்டீங்க, பெரிப்பா?"

கூட்டத்துக்கு வெளியே

கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஊர் கூடியது. கூட்டத்தில் உட்காரத் தலைக்கட்டு வேண்டும். அதனால் தனபாக்கியம் வலை காயப்போடும் கம்பத்துக்குப் பக்கத்தில், வெளியே நின்றிருந்தாள். முதலில் துறைமுக விரிவாக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். ஐந்து அநியாயங்களையும் வரிசையாகச் சொன்னேன். ஐந்தாவதற்கு வந்தபோது சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நன்றாகப் பேசினேன் என்று எனக்கே தெரிந்தது.

பிறகு சுகந்தியின் விண்ணப்பம் வந்தது. ஏகாம்பரம் இல்லாவிட்டால் இந்த உதவியே இல்லை என்று தொடங்கினேன். ஊர்த்தலைவர் கையை உயர்த்தினார். "அவன் நல்லவன்தான், யாரு இல்லன்னா? ஆனா ஒரு பொம்பளைய தலைக்கட்டுன்னு இன்னிக்கு எழுதினா நாளைக்கு அவளும் சீட்டுல பங்கு கேப்பா. விதி இன்னா சொல்லுது? எழுதினவனே வாசி" என்றார். என்னால் மறுத்திருக்க முடியும். அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்கவும் முடியும். கம்பெனிகளின் எத்தனையோ காகிதங்களை மேடையில் கிழித்தவன் நான். ஆனால் இது நான் எழுதியது. வாசித்தேன். வாசித்து முடித்ததும், அடுத்த சீட்டுக்குப் பிறகு யோசிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், எழுந்துவிட்டார்கள். அடுத்த சீட்டுக்கு ஐந்து மாதம் இருந்தது.

வெளியே வந்தபோது தனபாக்கியம் அதே இடத்தில் நின்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"நல்லாதான் வாசிச்ச, ண்ணா. இங்க வரிக்கும் கேட்டுச்சு."

நண்டு வலை

இரண்டு நாள் கழித்து, கம்பெனி ஜீப் தனபாக்கியம் வீட்டு முன்னால் நின்றது என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஜீப் போய்விட்டிருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தகர டப்பா, அதன் மேல் கம்பெனியின் படிவம், பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு வலைக்குண்டு. படிவத்தோடு இன்னொரு தாள் இணைத்திருந்தது. கல்வி உதவி பெறும் குடும்பம், துறைமுக விரிவாக்கத்தால் தங்களுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"கையெழுத்துப் போடாத தனபாக்கியம்" என்றேன். "அவன் எப்படிச் செத்தான்னு ஊருக்கே தெரியும். உன் கையெழுத்தைத்தான் அவங்க நாளைக்குக் காட்டுவாங்க."

"தெரியும்."

"படிப்புக்கு வேற வழி பாப்போம். பழவேற்காட்டுல நாலு பேரைக் கேக்கறேன்."

"இன்னும் ஏழு நாளு கீது, ண்ணா. கேளு."

கேட்டேன். பொன்னேரி வரை போய்க் கேட்டேன். கடைசியாக அனுப்பம்பட்டில் ஒரு பழைய தோழர் என்னை உட்காரவைத்து, அரசியல் நிலைமையை இரண்டு மணி நேரம் பேசி, ரயிலுக்கு வழி காட்டினார். வெறுங்கையோடு திரும்பி தனபாக்கியத்திடம் வந்து நின்றபோது கடைசி நாளுக்கு முந்தின நாள். படிவம் டப்பா மேல் இல்லை. அது எங்கே என்று நான் கேட்கவில்லை. ஏகாம்பரத்தின் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்று மட்டும் சொன்னேன். அவள் சிக்கெடுப்பதை நிறுத்தாமல் பதில் சொன்னாள்:

"செத்தவரு பேர நீயே வெச்சிக்க, ண்ணா. உயிரோட கீறத நான் பாத்துக்கறேன்."

பெயரை வாசியுங்கள்

சுகந்தி கல்லூரிக்குப் போனாள். ஏகாம்பரத்தின் போட்டை விற்றுத் தனபாக்கியம் கட்டணம் கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் போட்டு முகத்துவார மணலில் இரண்டாகப் பிளந்து கிடப்பதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறவன் நான். இருந்தும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெளியே போலீஸ், உள்ளே பதினைந்து ஊர் ஜனம். மேடையில் அரசாங்க அதிகாரிகள், ஓரத்தில் கம்பெனிக்காரர்கள். அட்டைக் காசோலை வருடத்தில் எனக்கு டீ கொடுத்த அதிகாரியும் இருந்தார், தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என் முறை வந்ததும் ஐந்து அநியாயங்களையும் வரிசை மாறாமல் சொன்னேன். ஐந்தாவதற்கு வந்து ஏகாம்பரத்தின் துண்டறிக்கையை உயர்த்திப் பிடித்தேன். மேடையில் இருந்தவர் மைக்கை இழுத்து, பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஊர்களிலிருந்தே பல குடும்பங்கள் பாதிப்பில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பொய்க் கையெழுத்து என்று எனக்குப் பட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பொய்க் கையெழுத்துகளைப் பிடித்திருக்கிறேன். "பல குடும்பம்னு பொதுவா சொல்லாதீங்க. எங்க ஊர்ல பேரை வாசிச்சாத்தான் செல்லும். சாட்சிகள் முன்னால வாசிங்க" என்றேன். ஜனம் கைதட்டியது. என் ஊர்க்காரர்கள் "வாசி, வாசி" என்று கூடச் சேர்ந்து சொன்னார்கள். ஊர்த்தலைவரின் குரல்தான் அதில் பெரிது.

அவர் வாசித்தார். ஊர் ஊராக வந்தது. எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பெயர். மைக் கரகரத்ததில் சரியாகக் கேட்கவில்லை என்று நான்தான் மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். கேட்டிருந்தது, உண்மையில் கேட்டிருந்தது. இரண்டாவது முறை வாசிக்கும்போது அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பெண்கள் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தனபாக்கியம் எழுந்து நின்றாள். மேடையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் ஊர்த் தலைக்கட்டுகள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்து, கோயில் முன்னால் நாங்கள் சொல்கிற அதே சொல்லைச் சொன்னாள்:

"கீறேன்."

எங்கள் பட்டியலில் நாங்கள் எழுத மறுத்த ஒரு பெயரை, அரசாங்கத்து மைக்கில், பதினைந்து ஊர் சாட்சியாக, இரண்டு முறை வாசிக்க வைத்ததுதான் இத்தனை வருடப் போராட்டத்தில் நான் கேட்டு உடனே நிறைவேறிய ஒரே கோரிக்கை: "தனபாக்கியம், கணவர் பெயர் காலஞ்சென்ற ஏகாம்பரம், குடும்பத் தலைவர்."